நாலு மைல் வேகம்தானே என்ற அலட்சியம் வேண்டாம்



இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு நேரோபோட் வாடகைக்கு எடுத்துக் கால்வாயில் போய் வருகிறார்கள். படம் போடுகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் சவர்பி பிரிட்ஜில் உள்ள டூயல் லேன் லாக் படத்தின் கீழ் வந்த பின்னூட்டங்களைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. "மற்ற லாக்கையெல்லாம் நாமேதானே திறந்து மூடுகிறோம்? இங்கே மட்டும் ஊழியர் வரும்வரை ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள். அந்த லாக் எவ்வளவு ஆழம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

ராச்டேல் கால்வாயில் பழைய லாக்குகள் இரண்டுக்குப் பதிலாக ஒன்றாகக் கட்டி, 1996இல் திறந்த லாக் அது. படகு ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய 6 மீட்டர். இரண்டு மாடி உயரம்! டப்பாவில் மூன்று துளை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அடித்துளையில்தான் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். 6 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 6 டன் அழுத்தம். அங்கே ஷட்டரை அவசரமாகத் தூக்கினால் தண்ணீர் படகைத் தூக்கிச் சுவரில் அடிக்கும்.

"மணிக்கு நாலு மைல் வேகம்தானே, என்ன ஆகிவிடும்?" என்கிறீர்கள். லாக்கில் படகு வேகத்தால் மூழ்குவதில்லை, நின்ற இடத்திலேயே மூழ்குகிறது. மேல் கதவை ஒட்டி உள்பக்கம் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். லாக் நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. கீழே இறங்கும்போது படகின் பின்பக்கம் அந்தப் படிமேல் மாட்டிக்கொண்டால், தண்ணீரோடு முன்பக்கம் மட்டும் இறங்கும். படகு சாயும், தண்ணீர் உள்ளே புகும். பிறகு நிமிடக் கணக்குதான். படி எதுவரை இருக்கிறது என்பதற்குக் கரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டிவைத்தாலும் படகு தொங்கி இதே கதிதான்.

"வாடகைப் படகுக்கு லைசென்ஸே கேட்பதில்லையே" என்று ஒரு வாதம். லைசென்ஸ் கேட்கவில்லை என்றால் அறிவே வேண்டாம் என்று அர்த்தமா?

சாதாரண லாக்கில் நீங்களே இயக்குங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் இந்த ஆழத்தில், கீழே சுக்கான் பிடிப்பவருக்கு மேலே ஷட்டர் சுற்றுபவரைச் சரியாகத் தெரியாது. இன்ஜின் சத்தத்திலும் தண்ணீர் இரைச்சலிலும் கத்தினாலும் கேட்காது. அதனால்தான் தினமும் அதையே செய்து பழகிய ஒருவர் மேலே நிற்கிறார். அவரைத் தண்டச் சம்பளம் என்று கேலி செய்வது படித்தவர் பேச்சா?

சின்ன லாக்கிலும் ஒரே ஒரு விதி வையுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒருவர் கண் படகின் மேலேயே இருக்க வேண்டும். அவர் கையில் செல்போன் கூடாது. படகு சாய்கிறது என்று தெரிந்த கணமே கீழ் ஷட்டரை மூடுங்கள். பிறகு மேல் ஷட்டரை மெல்லத் திறந்து தண்ணீரை ஏற்றுங்கள். காத்திருக்கும் அரை மணி நேரம் ஒன்றும் வீணாகப் போகாது, பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்