மானியத்தின் உச்சவரம்பும் மின் அட்டையின் கணக்கும்

ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம், வீட்டுக் கூரையில் நிறுவப்படும் சூரிய மின் அமைப்பின் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் வழங்கி, மொத்த மானியத்துக்கு 78,000 ரூபாய் என வரம்பு கட்டுகிறது. இவ்வரம்பை எட்டுவதையே வாடிக்கையாளரின் நலனாகக் காட்டி, வீட்டின் நுகர்வைப் பாராமல் மூன்று கிலோவாட்டைப் பரிந்துரைக்கும் போக்கு இவ்வமைப்புகளை நிறுவும் தொழிலுக்கு நல்லதன்று. வீட்டுக்காரரின் உண்மையான ஆதாயம் மானியத் தொகையில் இல்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அவர் கட்டாமல் தவிர்க்கப்போகும் மின்கட்டணத்திலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைக் கணிக்க மின்கட்டண அடுக்குகளின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விலைப்பட்டியலின்படி, இரு மாதங்களுக்கு 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதன்பின் 400 வரை 4.50 ரூபாய், 500 வரை 6 ரூபாய். நுகர்வு 500-ஐக் கடந்ததும் 2.25 ரூபாய்ச் சலுகை மறைந்து 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய் கணக்கிடப்பட்டதோடு, மேலடுக்குகளில் விலை 8, 9, 10, 11 ரூபாய் என ஏறிக்கொண்டே சென்றது. இதனால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டிய வீடு 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய் கட்ட நேர்ந்தது. 2024-இல் விலைகள் சற்று உயர்த்தப்பட்டபோதும் இவ்வமைப்பு மாறவில்லை.

தமிழ்நாட்டின் வெயிலில் நிழல் விழாத ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட், அதாவது இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 240 யூனிட் தருகிறது. வீடு பொது மின் வலைப்பின்னலிலிருந்து எடுத்த மின்சாரத்திலிருந்து அதற்குத் திருப்பி அனுப்பியதைக் கழித்து மீதிக்கு மட்டும் கட்டணம் கணக்கிடும் முறையே நிகர அளவீடு, வழக்கில் நெட் மீட்டர். இம்முறையில், மேற்கண்ட 2022 விலைப்படி, வலைப்பின்னல் கட்டணம் முதலியவை நீங்கலாக, இரு மாதங்களில் 900 யூனிட் செலவழித்து 5,550 ரூபாய் கட்டும் வீட்டுக்கு முதல் கிலோவாட் 2,260 ரூபாயையும் இரண்டாவது 2,045 ரூபாயையும் மிச்சப்படுத்த, மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது 1,065 ரூபாய் மட்டுமே. சூரிய மின்சாரம் எப்போதும் கட்டணத்தின் உச்சியிலிருந்தே வெட்டத் தொடங்குவதால், ஒவ்வொரு கூடுதல் கிலோவாட்டும் விலை குறைந்த யூனிட்டுகளையே வெட்டுகிறது.

இரு மாதங்களுக்கு 300 யூனிட் பயன்படுத்தும் சிறு குடும்பத்தின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. அதே விலைப்படி அது கட்டுவது 675 ரூபாய். ஒரு கிலோவாட்டிலேயே நிகர நுகர்வு 60 யூனிட்டாகக் குறைந்து கட்டணம் முற்றிலும் நீங்கிவிடும். மானியத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட மதிப்பீட்டு விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய், மூன்றாவதற்கு 45,000 ரூபாய். சந்தை விலை பெரும்பாலும் இதைவிடக் கூடுதல். மதிப்பீட்டு விலையையே கொண்டாலும், ஒரு கிலோவாட்டுக்கு மானியம் போக அக்குடும்பம் இடும் 20,000 ரூபாய் ஐந்தாண்டில் திரும்புகையில், மூன்று கிலோவாட்டுக்கு இடும் 67,000 ரூபாய் திரும்பப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகும். உபரி மின்சாரத்துக்கு விலை கிடைத்தால் இக்காலம் குறையும்; அது இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. மூன்று கிலோவாட்டை வங்கிக் கடனில் வாங்கியவராயின், கட்டணத்தில் மிச்சமாகும் தொகையைவிடத் தவணை பெரிதாக நிற்கும். வருவாய் குறைந்த குடும்பத்தை இந்நிலையில் நிறுத்துவது நிறுவுநரின் அறியாமையாலாயினும் அநீதியே ஆகும். குளிர்சாதனமோ மின்வாகனமோ விரைவில் வரவிருக்கும் வீட்டுக்குப் பெரிய அமைப்பு பொருந்தலாம். அதையும் கேட்டறிந்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஆகவே விலைப்புள்ளி தயாரிக்கும் முன், கோடைக் கட்டணம் ஒன்றை மட்டும் பார்த்து அளவைத் தீர்மானிக்காமல், கடந்த ஆறு கணக்கெடுப்புகளின் யூனிட்டுகளை மின் அட்டையிலிருந்தோ இணையக் கணக்கிலிருந்தோ குறித்துக்கொள்வதும், முதல், இரண்டாம், மூன்றாம் கிலோவாட் ஒவ்வொன்றும் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதை வாடிக்கையாளர் படிக்கும்படி எழுதித் தருவதும் தொழில்முறை நெறியாக வேண்டும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் விதி தளர்த்தப்பட்ட பிறகு, வீட்டுக்குப் பொருந்தும் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு முழுவதும் நிறுவுநரிடமே வந்துவிட்டது.

கூரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டோடு பதித்த மொட்டைமாடியைத் துளைத்துத் தாங்கிகளை இறுக்கினால் நீர்க்காப்பு கெட்டு மழைக்காலத்தில் ஒழுகும். கனத்தால் நிலைகொள்ளும் கான்கிரீட் கட்டைகளை மட்டும் நம்பினால், வர்தா, கஜா போன்ற புயல்களைக் கண்ட கடலோர மாவட்டங்களில் காற்றின் தூக்குவிசையைத் தாங்க அவற்றின் எடை போதுமா என்பதைக் கணக்கிட்டாக வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னையின் நிழலோ ஒரு பேனலின் மூலையில் விழுந்தால், தொடராக இணைந்த பிற பேனல்களின் உற்பத்தியையும் அது பாதிக்கக்கூடும்.

மின்தடையின்போதும் பேனல் வீட்டுக்கு மின்சாரம் தரும் என்ற நம்பிக்கை மக்களிடம் பரவலாக உள்ளது. மின்கம்பத்தில் வேலைசெய்யும் பணியாளரின் உயிர்ப்பாதுகாப்புக்காக, வலைப்பின்னலில் மின்சாரம் நின்றவுடன் அதனோடு இணைந்த இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். தனித்தீவாதல் தடுப்பு எனப்படும் இவ்வேற்பாடு இல்லாத கருவியை இணைக்க அனுமதியில்லை. தடையின்போதும் மின்சாரம் வேண்டுவோர்க்குப் பேட்டரியோடு கூடிய கலப்பின இன்வெர்ட்டர் தேவைப்படும். ஆனால் பேட்டரிக்கு இம்மானியம் கிடையாது. சில ஆண்டுகளில் அதை மாற்றவும் நேரும். இவ்விரண்டையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.