படச் சுருளும் ஊர் ஞாபகமும்

காலமும் ஞாபகமும் சலனப் படத்தில் எவ்வாறு பதிகின்றன என்பதை ஆராயவென்றே காமிராவுடன் புறப்படும் பட்டதாரி மாணவர்கள் இப்போது நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள். உத்தியோகத்துக்கு உதவாத வீண் வேலை என்று பெற்றோர் சிலர் குறைப்படுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. திருச்சிராப்பள்ளிவாசிகள் கருதவும் கூடாது.

1905-ம் வருஷத்தில், இவ்வூரில் தென்னிந்திய ரயில்வேயின் டிராப்ட்ஸ்மன் உத்தியோகத்திலிருந்த ஸ்ரீ சாமிக்கண்ணு வின்ஸென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். நிலையான சம்பளத்தை உதறிவிட்டு, ஊர் ஊராய்க் கூடாரமடித்து ஏசுநாதர் சரித்திரத்தைத் திரையில் காட்டினார். அவரையும் அன்று பித்தரென்றே சிலர் எண்ணியிருப்பர்! 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையை எழுப்பியவரும் அவரே.

அந்தத் தலைமுறையின் படங்கள் எங்கே? ஸ்ரீ நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படமான 'கீசக வதம்', 1931-ல் வெளிவந்த 'காளிதாஸ்' ஆகிய இரண்டிலும் ஒரு பிரதிகூட இன்று நமக்கில்லை. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சேர்ந்தவை. நமது உஷ்ணத்தில் தாமே பொடியாகக் கூடியவை. உள்ளிருக்கும் வெள்ளிக்காகப் படச் சுருள்களை உருக்கிய கொடுமையும் உண்டு. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டதே 1964-ல்தான்.

நியாயஸ்தலங்களில் பழகிய நாம் அறிந்தது ஒன்று: மனிதச் சாட்சி மறப்பான், அல்லது பிறர் சொன்னதைத் தன் ஞாபகமென்றே நம்பிவிடுவான். ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். தெற்கு வாயிலில் பல நூற்றாண்டுகள் அரைகுறையாய் நின்ற மொட்டைக் கோபுரம், 1987-ல்தான் பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரமாயிற்று. இன்றைய இளைஞர் அதை என்றும் அப்படியே இருந்ததாக எண்ணுகின்றனர். அதற்கு முன் அவ்வாயிலில் யாரேனும் எடுத்த சில அடிச் சுருள் கிடைத்தால், அதுவே மறுக்கவொண்ணாத சாட்சியம். கல்வெட்டும் கோயிலொழுகும் காத்த ஊருக்கு, தன் பிள்ளைகள் நடந்த நடையைக் காப்பது பெரிய காரியமா?

ஆகவே நமது கல்லூரிகளும் நகரசபையும் இம்மாணவர்களைக் கொண்டே வீட்டுப் பரண்களிலுள்ள சுருள்களையும் கல்யாண வீடியோ நாடாக்களையும் சேகரித்து, பிரதியெடுத்து, குளிர்ந்த அறையொன்றில் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மூலத்தை உரியவரிடமே திருப்பித் தரலாம், வழக்குக்கு இடமிராது. பழைய டப்பாவைத் திறந்தவுடன் காடி நெடி வீசினால், உள்ளிருக்கும் படம் அழியத் தொடங்கிவிட்டதென்று அர்த்தம். அன்பர்கள் அதை வெயிலில் காயவைக்க வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம்.