இல்லமும் கருவியும்: ஈதர்நெட் ஸ்விட்ச் வாங்குவோர்க்கு

எந்தப் பொருளை வாங்குவதாயினும், "இதன் விலை என்ன?" என்று கேட்பதற்கு முன், "இது நமக்கு எதற்கு?" என்று கேட்டுக்கொள்ளுதல் இல்லறத்தார்க்கு நலம் பயக்கும். பாத்திரக் கடையிலும் துணிக்கடையிலும் நம் தாய்மார்கள் இவ்வினாவைத் தவறாமல் கேட்கின்றனர். கணிப்பொறிச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்ததும் நம்மிற் பலர் வாயடைத்து நின்றுவிடுகிறோம். கடைக்காரர் பத்துப் புதுச் சொற்களை அடுக்குகிறார், நாம் தலையசைக்கிறோம், அவர் எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். இவ்வாறு வாங்கப்படும் பொருள்களுள் ஒன்றான ஈதர்நெட் ஸ்விட்சைப் பற்றி இம்மாதம் ஆராய்வோம்.

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் புனேயிலும் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில், இணைய இணைப்பு பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதாக இன்று இல்லை. தந்தையார் வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்கிறார். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேர்வு எழுதுகிறாள். பாட்டியார் ஊரிலுள்ள தம் தங்கையின் முகத்தைத் திரையிற் கண்டு பேசி மகிழ்கிறார். தேர்வின் நடுவே இணைப்பு அறுந்தால் பல மாத உழைப்புக்குப் பங்கம் நேரும். அலுவலகக் கூட்டத்தின் நடுவே அறுந்தால் மேலதிகாரியின் முகம் சுளிக்கும்.

அடுக்கு வீடுகளில் இத்தொல்லை மிகுதி. ஒவ்வொரு வீட்டாரும் வைஃபை வைத்திருக்கின்றனர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே உண்டு. ஒரே சந்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் எவர் சொல்லும் எவர்க்கும் விளங்காதது போன்ற நிலை அங்கே ஏற்படுகிறது. ஆதலின், இடம் பெயராமல் இருக்கும் கருவிகளையேனும் கம்பியால் இணைத்துவிடுதல் நன்று. அவ்வாறு கம்பிகள் பெருகும்போது தேவைப்படுவதே ஸ்விட்ச்.

ஸ்விட்ச் என்றதும் சுவரிலுள்ள மின்விளக்குப் பொத்தானை எண்ணிக்கொள்ள வேண்டா. இஃதொரு சிறு பெட்டி; போர்ட் எனப்படும் செருகுவாய்கள் இதன் முகப்பில் வரிசையாக அமைந்திருக்கும். இணைக்கப்படும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரி ஒன்று உண்டு. எந்த முகவரி எந்தச் செருகுவாயில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் தானே கவனித்துக் குறித்துக்கொள்கிறது. பின்னர் வரும் செய்தியை உரிய வாய்க்கு மட்டும் அனுப்புகிறது. நல்ல தபால்காரர் தெருவிலுள்ளோரையெல்லாம் கூவி அழைக்காமல், உரியவர் கதவை மட்டும் தட்டுவது போன்றது இது. இதற்கு முன்பு வழங்கிய ஹப் என்னும் கருவியோ, ஒரு வாயில் வந்த செய்தியை மற்றெல்லா வாய்களுக்கும் அனுப்பிவிடும். ஒருவர் பேசும்போது மற்றவரெல்லாம் காத்திருக்க வேண்டும்.

ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவிலுள்ள ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் அவர்தம் தோழர்களும் வகுத்தது; 1983-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. பல வாய்களையுடைய முதல் ஈதர்நெட் ஸ்விட்சை 1990-ஐ ஒட்டி வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 'கல்பனா' என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்புறுவர். அதனை நிறுவியோருள் ஒருவரான வினோத் பாரத்வாஜ் இந்திய வழியினர். தம் மனைவியாரின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். 1994-இல் சிஸ்கோ நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது.

நிற்க. வாங்குமுன் தெளிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்விட்ச் இணையத்தின் வேகத்தைக் கூட்டாது. வீட்டுக்குள் வந்து சேர்ந்ததைப் பங்கிட்டுக் கொடுப்பதே அதன் தொழில். தெருக்குழாயில் நீர் வாராதபோது வீட்டினுள் புதிய குழாய் வைத்துப் பயன் என்ன? ஆகவே, முதலில் ஒரு கணிப்பொறியை இணைய நிறுவனத்தார் தந்த ரௌட்டரோடு கம்பியால் நேரே இணைத்து வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். அங்கேயே வேகம் குன்றியிருந்தால் குறை வெளியே உள்ளது. அந்நிறுவனத்தாரிடம் முறையிடுவதே வழி. மேலும், ரௌட்டரின் பின்புறத்தில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு செருகுவாய்கள் இருக்கும். உங்கள் கம்பிக் கருவிகள் அவற்றுள் அடங்குமாயின் ஸ்விட்சே தேவையில்லை. வாங்காமல் விட்டதும் ஓர் ஆதாயமே.

தேவை உண்டு என்று தெளிந்த பின் எண்ணத் தொடங்க வேண்டும். ஐந்து வாய் ஸ்விட்ச் ஐந்து கருவிகளுக்கு இடமளிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு வாய் ரௌட்டரோடு இணைவதற்கே போய்விடும், எஞ்சுவன நான்கே. தந்தையார் கணிப்பொறி, மகள் கணிப்பொறி, தொலைக்காட்சி, பின்னறைக்கான மற்றொரு வைஃபைப் பெட்டி ஆகிய நான்கையும் இணைத்தால் வாய்கள் நிரம்பிவிடும். அடுத்த ஆண்டு ஒன்று கூடினால் இடமில்லை. இத்தகைய இல்லத்துக்கு எட்டு வாய் ஸ்விட்சே ஏற்றது. கணக்கு எளிது: இன்றுள்ள கருவிகளின் எண்ணிக்கை, அதனோடு ரௌட்டருக்கு ஒன்று, வருங்காலத்துக்கு இரண்டு. பதினாறும் இருபத்து நான்கும் அலுவலகங்களுக்கு உரியவை.

அடுத்து வேகம். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஸ்விட்சுகளும், கிகாபிட் எனப்படும் 1000 மெகாபிட் ஸ்விட்சுகளும் கடையில் அருகருகே விற்கப்படுகின்றன. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்தால்தான் வேறுபாடு தெரியும். நீங்கள் 300 மெகாபிட் திட்டத்துக்கு மாதந்தோறும் பணம் செலுத்தியும், நடுவே 100 மெகாபிட் ஸ்விட்சை வைத்தால், அதன்வழி செல்லும் எக்கருவிக்கும் நூற்றுக்கு மேல் கிட்டாது. 10 கிகாபைட் அளவுள்ள குடும்பப் படங்களை ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, 100 மெகாபிட் வழியில் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும். கிகாபிட் வழியில் ஒன்றரை நிமிடமே ஆகும். சிறிய ஸ்விட்சுகளில் இவ்விரண்டின் விலை வேறுபாடு சில நூறு ரூபாயே. எனவே கிகாபிட்டையே கொள்க. 2016-இல் தரப்படுத்தப்பட்ட 2.5 கிகாபிட் ஸ்விட்சுகளும் இன்று கிடைக்கின்றன. ஸ்விட்சின் இரு புறத்துக் கருவிகளும் அவ்வேகத்தை ஏற்பனவாக இருந்தாலன்றி அதனாற் பயனில்லை.

கம்பியைப் பற்றி ஒரு சொல். ஈதர்நெட் கம்பியினுள் எட்டு இழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கோ நான்கும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கி ஓர் இழை அறுந்தால் இணைப்பு அறவே நின்றுபோகாமல், ஓசையின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். அப்போது பழி ஸ்விட்சின்மேல் விழுகிறது. பல ஸ்விட்சுகளில் இவ்விரு வேகங்களுக்கும் விளக்கின் நிறம் வேறுபடும்; அதனை நோக்கியே குறையை அறியலாம். கேட்-5ஈ அல்லது கேட்-6 என்று அச்சிட்ட கம்பி வீட்டுக்குப் போதுமானது. 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். ஆனால் அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவான கம்பிகளும் அதே பெயரோடு விற்கப்படுகின்றன. இழையைக் கத்தியால் மெல்லச் சுரண்டினால் வெண்மை தெரிவது அவ்வகையைச் சேர்ந்தது, அதனைத் தவிர்க்க. வாடகை வீட்டில் இருப்போர் சுவரைத் துளைக்காமல், அடிச்சுவர் ஓரமாகப் பட்டைக் குழாயினுள் கம்பியைச் செலுத்தினால், வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம்.

ஸ்விட்சுகளில் இருவகை உண்டு. இணைத்தவுடன் தானே இயங்குவது ஒருவகை. கணிப்பொறிவழி உட்புகுந்து பலவாறு அமைத்துக்கொள்ளத்தக்கது மற்றொரு வகை. பின்னதனால் ஒரே கம்பியமைப்பைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பகுக்கலாம். அலுவலகக் கணிப்பொறியை வீட்டுக் காமிராவினின்றும் பிரித்து வைக்க விரும்புவோர்க்கும், இத்துறையைக் கற்கும் மாணவர்க்கும் அது பயன்படும். மற்றைய இல்லங்களுக்கு எளிய முதல்வகையே போதும். அமைக்கத் தெரியாத கருவி பூட்டிய அலமாரியை ஒக்கும்.

காமிரா, வைஃபைப் பெட்டி முதலியவற்றுக்கு மின்சாரத்தையும் ஈதர்நெட் கம்பியிலேயே அனுப்பும் ஸ்விட்சுகளும் உள்ளன. 2003-ஆம் ஆண்டுத் தரப்படி ஒரு வாய்க்கு 15.4 வாட் வரையிலும், 2009-ஆம் ஆண்டுத் தரப்படி 30 வாட் வரையிலும் வழங்கலாம். மொத்தத்தில் எத்தனை வாட் வழங்கும் என்பதனையும் பார்க்க வேண்டும். எட்டு வாய்களிலும் முழு அளவு கிடைக்கும் என்று கருதிவிடக் கூடாது. மாடியில் மின்வசதி இல்லாத இடத்தில் காமிரா பொருத்துவோர்க்கு இது வரப்பிரசாதம். ஏனையோர்க்கு வீண் செலவு.

பொருத்தும் முறையிலும் கருத்து வேண்டும். ஸ்விட்சை ரௌட்டருக்குப் பின்னரே இணைக்க வேண்டும். ரௌட்டருக்கு முன்னர் இணைத்தால் பெரும்பாலும் ஒரு கருவிக்கே இணையம் கிட்டும். மற்றவை தவித்து நிற்கும். ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடாதீர்கள். எளிய ஸ்விட்சுகள் பலவற்றில் அவ்வாறு செய்தால் செய்திகள் ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து, வீட்டு இணைப்பு முழுவதும் முடங்கிவிடும். தூசி துடைக்கும்போது தொங்கும் முனையைக் கண்டு, நல்லெண்ணத்தோடு காலி வாயில் யாரேனும் செருகிவிடுவதுண்டு. பயன்படாத முனைகளைக் கட்டி வைத்தல் நலம்.

மின்செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 5 வாட் கொள்ளும் ஸ்விட்ச் ஓராண்டு முழுவதும் இடைவிடாது இயங்கினாலும் 44 யூனிட்டுக்கும் குறைவே. விசிறி இல்லாத வகையே வீட்டுக்கு ஏற்றது, ஓசை எழாது. காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். துணி மடித்த அலமாரிக்குள் வேண்டா. அதனோடு வந்த மின்மாற்றியையே பயன்படுத்துக. 5 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் மின்மாற்றியைப் பொருத்தினால், முனை பொருந்தும், கருவி கருகும். மின்தடை நேரும் ஊர்களில் ரௌட்டரை மட்டும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டு ஸ்விட்சை மறந்துவிடுகின்றனர். ஒன்று அணைந்தாலும் வழி அடைபட்டதே ஆகும். ஆதலின் இரண்டும் இன்வெர்ட்டரிலேயே இருத்தல் வேண்டும்.

தொகுத்துக் கூறின், வீட்டில் வேலையும் படிப்பும் தடையின்றி நடைபெற எட்டு வாய்களையுடைய எளிய கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றும், நல்ல செம்புக் கம்பியும் பெரும்பான்மையான குடும்பங்களுக்குப் போதும். அதற்கு மேல் கடைக்காரர் எதைக் கூறினும், "இதனால் எங்கள் வீட்டில் எந்தக் குறை தீரும்?" என்று அமைதியாகக் கேளுங்கள். விடை தெளிவாக வந்தால் வாங்குங்கள்; வாராவிடில், அத்தொகையை மகளின் புத்தகத்துக்கென எடுத்து வையுங்கள். இத்துறை அறிந்த நம் இளைஞர்கள், விடுமுறை நாளொன்றில் அண்டையிலுள்ள முதியோர் இல்லங்களுக்குச் சென்று கம்பிகளை ஒருமுறை சரிபார்த்து வருவார்களாயின், தொலைவிலுள்ள பேரப்பிள்ளைகளின் குரல் அவ்வீடுகளில் தடையின்றி ஒலிக்கும்.