அடுப்பறிந்து ஏற்றுக

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. அடுப்பறிந்து பாத்திரம் ஏற்று என்று அதனோடு ஒன்று சேர்க்கவேண்டிய காலம் இது.

திருக்கோணமலைக்கு வடக்கே எங்கள் சல்லியில், முத்துமாரியம்மன் கோயிற் பொங்கலைக் கண்டவர்கள் கவனித்திருப்பர். மூன்று கல், மேலே உருண்டை அடிப் பானை, விறகின் சுவாலை அடியையும் விலாவையும் தழுவி ஏறும். இரண்டும் ஒன்றற்காக ஒன்று பிறந்தவை. எரிவாயு அடுப்போ வேறு சாதி. அதன் தீ வளையமாய் நின்று ஓரிடத்தையே சுடும். அலுமினியமாயின் அவ்வெப்பத்தை விரைந்து பரப்பிவிடும், மண் பரப்பாது. சுட்ட இடம் விரிய, அயலிடம் விரியாது நிற்க, சட்டி வெடிக்கிறது. குயவனை ஏசுவது பிழை.

எங்கள் வீட்டிலும் ஒன்று வெடித்தது. பாரைமீன் குழம்பு போனதற்கு வருந்தினேன், அஞ்சியது வேறொன்றுக்கு. வழிந்த குழம்பு தீயை அணைத்துவிட்டது. வாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. அது காற்றிலும் பாரமானது, நிலத்தோடு படியும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல இடங்களில் வீடுகளில் நேர்ந்த எரிவாயு விபத்துக்கள் நினைவில் எழுந்தன. அடுதல் என்னுஞ் சொல்லுக்குச் சமைத்தல் ஒரு பொருள். கொல்லுதல் மற்றொரு பொருள். அன்று எனக்கு இரண்டாவதே முன்வந்தது. மனையாள் திருகை மூடி யன்னலைத் திறந்தாள். பண்டிதர் வாயடைத்து நின்றார்.

‘மண்சட்டியை விட்டெறியுங்கள், அலுமினியம் இருக்கிறதே’ என்றனர் அயலவர். இதற்கு நான் உடன்படேன். பழப்புளி அலுமினியத்தைச் சிறிது சிறிதாய்க் கரைக்கும். மீன்குழம்போ ஓரிரவு கிடந்து மறுநாளிலே சுவை முதிர்வது. சோறு வடிக்க அலுமினியம் நன்று. எவர்சில்வர் புளிக்கு அஞ்சாது. ஆயினும் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் பத்திலொரு பங்குந் தேறாது. மெல்லிய எவர்சில்வரில் தீவளையம் பட்ட இடத்திலே கறி அடிப்பிடிப்பது அதனாலேதான். அடியிற் செம்போ அலுமினியமோ தடிப்பாகச் சேர்த்ததை வாங்குவோர் ஏமாறார்.

மண்சட்டி எரிவாயுவுக்கு ஆகாதென்பதன்று. தட்டையான தடித்த அடி வேண்டும். சிறிய பேணர் வேண்டும். தீ தணிந்திருத்தல் வேண்டும். வெறுஞ்சட்டியைச் சூடாக்கலாகாது; சூடேறியதிற் குளிர்நீர் வார்க்கலாகாது. எப்பாத்திரமாயினும், தீ அடியைக் கடந்து விலாவில் ஏறினால் அதிற் பெரும்பகுதி அடுக்களையைச் சூடாக்கவே செலவாகிறது. இது சிறு கணக்கன்று. 2021 ஒக்டோபரில் 2,675 ரூபாவாயிருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரிலில் 4,860 ரூபாவாயிற்று. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையில் வெயில் காய்ந்தோம். மூன்று கல்லைத் தேடி வளவுக்குள் இறங்கிய வீடுகள் பல. பானையை முன்னரே எறிந்திருந்தவர்கள் மெல்லிய அலுமினியத்தை விறகிலேற்றிக் கரி தேய்த்துக் களைத்தார்கள்.

இப்போது எங்கள் அடுக்களையில் தட்டை அடிச் சட்டி ஒன்று எரிவாயு அடுப்புக்கென்று இருக்கிறது. உருண்டைப் பானை வளவில் மூன்று கல்லின்மேல். அது பொங்கலுக்கு மட்டுமென்கிறாள் மனையாள்; விறகு பிளந்து தருகிறேனென்று வாரந்தோறும் நான் வழக்காடுகிறேன்.