சலுகை டிக்கெட்டும் காணாமல் போகும் மைல்களும்

விமானத்தில் பறந்தால் மைல் சேரும், மைல் சேர்ந்தால் ஓசி டிக்கெட் கிடைக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. சலுகை விலையில் டிக்கெட் வாங்கி, மைலை வேறொரு கம்பெனியின் கணக்கில் சேர்க்க நினைப்பவர்கள் மீதிப் பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழனி மலையில் இருக்கும் அடுக்கத்துக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். மலையை விட்டு இறங்கினால் மதுரை. அங்கிருந்தும் திருச்சியிலிருந்தும் கொழும்பு வழியாக வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே மாதம் ஒன்வேர்ல்டு கூட்டணியில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. இப்படிக் கூட்டணி இருப்பதால், ஒரு கம்பெனியில் பறந்து இன்னொரு கம்பெனியின் கணக்கில் மைல் சேர்க்க முடிகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எகானமி டிக்கெட் எல்லாம் ஒன்று கிடையாது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒய், கே, க்யூ என்று ஏதாவது ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். சீட்டும் சாப்பாடும் ஒன்றேதான். ஆனால் எழுத்து மாறினால் விலை மாறும், நிபந்தனை மாறும், மைலும் மாறும். முழுக் கட்டண எழுத்துக்குப் பறந்த தூரத்தில் 100 சதவீதம் என்றால், சலுகை எழுத்துகளுக்கு 50, 25 என்று இறங்கும். சிலவற்றுக்குப் பூஜ்யம்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,800 மைல். 25 சதவீத எழுத்து என்றால் உங்கள் கணக்கில் ஏறுவது வெறும் 450!

ஏன் இப்படி? 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த மைல் திட்டத்தைத் தொடங்கியபோது தூரம்தான் கணக்கு. பிறகு பல கம்பெனிகள், கொடுத்த பணத்துக்குத் தகுந்தபடி மைல் என்று மாறிவிட்டன. டெல்டாவும் யுனைடெட்டும் 2015-ல் மாறின, ஏர் இந்தியா 2024-ல் மாறியது. ஆனால் வேறு கம்பெனி விற்ற டிக்கெட்டுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பார்ட்னருக்குப் பொதுவாகத் தெரியாது. தெரிவது தூரமும் அந்த எழுத்தும்தான். அந்த மைலுக்கு, உங்களை ஏற்றிச் சென்ற கம்பெனி பார்ட்னருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். மலிவு டிக்கெட்டில் லாபம் குறைவு, அதனால் மைலும் குறைவு. இதுவரை நியாயம்தான்.

நான் ஒத்துக்கொள்ளாதது அடுத்த விஷயத்தை. பி.காம். படிக்கிறவன் என்பதால் கணக்குப் பாஷையிலேயே சொல்கிறேன். இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் அமலில் உள்ள இண்ட் ஏஎஸ் 115 தரநிலைப்படி, ஒரு கம்பெனி தன் திட்டத்தில் மைல் கொடுத்தால், டிக்கெட் விலையில் ஒரு பகுதியை அந்த மைலுக்கென்று ஒதுக்க வேண்டும். மைலைப் பயன்படுத்தும்வரை அல்லது அது காலாவதியாகும்வரை அந்தப் பகுதியை வருமானமாகக் காட்ட முடியாது, பொறுப்பாகத்தான் காட்ட வேண்டும். அதாவது, மைல் அன்பளிப்பு இல்லை. நாம் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. சரக்கு என்றால் அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? எங்கள் மலையில் காபியோ மிளகோ விற்கும்போது, மூட்டையை வண்டியில் ஏற்றிய பிறகு விலை சொன்னால் யாராவது சும்மா இருப்பார்களா?

"விதிமுறை எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, எங்கோ ஓர் அட்டவணையில். ஏஜென்ட்டிடம் டிக்கெட் எடுத்து ஊருக்கு வரும் தொழிலாளி அதைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பணம் கட்டும் முன்பே அந்த எழுத்தையும், எந்தப் பார்ட்னரிடம் எத்தனை மைல் சேரும் என்பதையும் காட்ட வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது ஒரு நொடி வேலை.

அதுவரை நாம் செய்யக்கூடியது: டிக்கெட் எடுக்கும் முன் எழுத்தைக் கேளுங்கள். அதை, எந்தக் கணக்கில் சேர்க்கப் போகிறீர்களோ அந்தக் கம்பெனியின் அட்டவணையில் பாருங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள், மைல் ஏறாவிட்டால் கேட்பதற்கு அதுதான் ஆதாரம். முக்கியமாக, 450 மைலுக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் அதிகம் கொடுக்காதீர்கள். பையில் மிச்சமாகும் ரூபாய்க்கு எந்த எழுத்தும் தேவையில்லை, காலாவதியும் கிடையாது.