பெயர் வேண்டுமாம், பொறுப்பு வேண்டாமாம்!



பொறியாளர் என்ற பெயருக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. 1907 ஆகஸ்ட் 29ஆம் நாள், கனடாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலம் நொறுங்கி ஆற்றில் வீழ்ந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். கணக்குப் போட்டவர் செய்த பிழைக்கு, இரும்பு சுமந்தவன் உயிர் கொடுத்தான்! 1920 முதல் அந்நாட்டு மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் வகுத்தன. உரிமம் பெற்றவரே பொறியாளர். கடமை தவறினால் உரிமம் பறிபோகும் என்றன.

அதே கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம், 2023 டிசம்பரில் என்ன செய்தது தெரியுமா? உரிமம் இல்லாமலே எவரும் தம்மை "மென்பொருள் பொறியாளர்" என்று அழைத்துக்கொள்ளலாம் எனச் சட்டத்தைத் திருத்திற்று! கேட்டவர் யார்? தொழிலாளரா? இல்லை, நிறுவனத் தலைவர்கள். "அமெரிக்க நிறுவனங்கள் தாராளமாக வழங்கும் பெயரை நாங்கள் வழங்க முடியவில்லையே, திறமைசாலிகள் போய்விடுவார்களே" என்று 2022இல் முறையிட்டனர். பெயர் வேண்டுமாம், பெயரோடு வரும் பொறுப்பு மட்டும் வேண்டாமாம்!

மென்பொருள் என்ன, பாலமா இடிந்து விழ என்பர் சிலர். அவர்களுக்குத் தெராக்-25 என்ற கருவியை நினைவூட்டுவோம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் அக்கருவியைச் செய்தது கனடாவின் அரசு அணுவாற்றல் நிறுவனம். முந்திய கருவியில் இருந்த இயந்திரத் தடுப்புகளை நீக்கி, காவலை மென்பொருளிடம் ஒப்படைத்தனர். 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு நோயாளிகள் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். குறைந்தது மூவர் மாண்டனர். அம்மென்பொருளை எழுதியவர் ஒரே ஒருவர். அவர் என்ன படித்தவர், என்ன அனுபவம் உடையவர் என்று வழக்கில் கேட்டபோது, நிறுவனத்தாரால் விடை கூற இயலவில்லை!

அமெரிக்காவில் 2013இல் மென்பொருள் பொறியாளர் உரிமத் தேர்வு தொடங்கினார்களே, எழுதியவர் மொத்தம் 81 பேர்தானே, 2019இல் மூடிவிட்டார்களே என்பர். உண்மைதான். ஆனால் வேலை கொடுப்பவன் கேட்காத சீட்டை, எவன் காசு கொடுத்து வாங்குவான்?

உரிமம் வந்தால் கல்லூரி வாசலை மிதிக்காத ஏழை இளைஞனுக்குக் கதவு அடைபடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு வழி உண்டு. தானே கற்றவனும் எழுதத் தேர்வைத் திறந்து விடுங்கள். விளையாட்டுச் செயலிக்கு உரிமம் கேட்க வேண்டாம். மருத்துவமனை, விமானம், இரயில் என உயிர் தொங்கும் இடங்களில் கேளுங்கள்.

உரிமம் தொழிலாளிக்குச் சுமை என்கிறார்கள். அதுவே அவன் கேடயம்! "சோதனை முடியவில்லை, கையெழுத்திட மாட்டேன்" என்று உரிமம் பெற்றவன் சொன்னால் வேலை நிற்கும். சட்டம் அவன் பின்னால் நிற்கும். உரிமம் இல்லாதவன் சொன்னால், மறுநாள் அவன் நாற்காலியில் வேறொருவன் அமர்ந்திருப்பான்.

தோழர்களே! நம் வீட்டுப் பிள்ளைகளும் இத்தொழிலுக்கு ஆயிரமாயிரமாய்ச் செல்கின்றனர். பளபளக்கும் பதவிப் பெயர்களோடு முதலாளிகள் அவர்களை அழைப்பர். அப்போது ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "இந்தப் பெயர், 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையை எனக்குத் தருமா?"