ஓய்வு வேளை: சிறு கார்களுக்கு நீளும் பாதை

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் முன்னாட்களில் குழந்தைகளுக்குப் பேனாவும் சாக்லெட்டும் கொணர்வது வழக்கம். இப்பொழுது பெட்டி பெரிதாகிவிட்டது. லண்டனிலிருந்து வரும் மாமா ஒரு ஸ்லாட் கார்ப் பெட்டியைக் கொணர்ந்து கூடத்தில் விரிக்கிறார். கரிய பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று செருகினால் நீள்வட்டமாய் ஒரு பாதை உருவாகிறது. அதில் இரண்டு பள்ளக் கோடுகள், அவற்றின் மீது இரண்டு கார்கள், ஓட்டுபவர் இருவர் கையிலும் ஆளுக்கொரு கன்ட்ரோலர். முதல் வாரம் வீடு முழுதும் ஆரவாரம். ஒரு திங்கள் சென்றபின் பையனுக்கு அந்த நீள்வட்டம் மனப்பாடமாகிவிடுகிறது. "அப்பா, இன்னும் கொஞ்சம் பாதை வாங்கலாமே" என்று தொடங்குகிறான். தகப்பனாரின் சங்கடம் அங்கேதான் பிறக்கிறது. எதை வாங்குவது, எத்தனை வாங்குவது என்று அறியாமல் பணத்தைச் செலவிட்டு, வந்த துண்டுகள் பொருந்தாமல் பரண்மீது கிடக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. அன்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டபடி இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் இதன் அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். காரின் மூக்கிற்கு அடியில் ஒரு சிறு நாக்கு உண்டு. அது பள்ளக் கோட்டில் இறங்கிக் காரை வழிநடத்துகிறது. கோட்டின் இருமருங்கும் உலோகக் கம்பிகள் ஓடுகின்றன. நாக்கின் பக்கத்திலுள்ள செப்புப் பின்னல் அக்கம்பிகளைத் தொட்டு மோட்டாருக்கு மின்சாரம் வாங்குகிறது. ஸ்டியரிங் கிடையாது. விசையை எவ்வளவு அழுத்துவது, எங்கே விடுவது என்பதே ஆட்டம். நேர்ப்பாதையில் எவரும் ஓட்டலாம். வளைவில் வேகத்தைக் குறைக்கத் தவறியவன் கார் குட்டிக்கரணம் போடும். ஆகவே இவ்விளையாட்டின் சுவை முழுவதும் வளைவில் இருக்கிறது. பாதையை விரிக்க எண்ணுகிற பெரும்பாலோர் இதை மறந்து நேர்த்துண்டுகளாகவே வாங்கிக் குவிக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர் அவ்வாறு பத்து நேர்த்துண்டுகள் தருவித்தார். பாதை இரும்பு அலமாரிவரை சென்று நின்றது. நீள்வட்டம் நீண்ட நீள்வட்டமாயிற்று, அவ்வளவே.

இங்கிலாந்தில் ஃப்ரெட் பிரான்சிஸ் என்பவர் 1957-இல் ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் இதை வெளியிட்டார். ஜெர்மனியில் ஹெர்மன் நாய்ஹியர்ல் 1963-இல் கரேரா என்பதைத் தொடங்கினார். இவ்விரண்டும் இன்றும் விற்பனையில் உள்ளன. ஆனால் ஒன்றன் துண்டு மற்றொன்றில் சேராது. ஒரே நிறுவனத்தின் துண்டுகளும் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று நம்பிவிடலாகாது. கரேராவின் 'கோ' வகை சிறிய கார்களுக்கு உரியது. அதன் தடம் 'எவல்யூஷன்' வகையின் தடத்தோடு இணையாது. ஸ்கேலக்ஸ்ட்ரிக்கில் 'மைக்ரோ' வகை 1:64 அளவினது, பெரிய வகை 1:32 அளவினது. ஆதலால் வாங்குமுன் வீட்டிலுள்ள பெட்டியின் பெயரையும் வகையையும் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு உறவினருக்கு "கார் ரேஸ் தடம் வேண்டும்" என்று மட்டும் சொல்லியனுப்புவது, தையற்காரருக்கு அளவு சொல்லாமல் துணி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

உறவினர் வீட்டுப் பரணிலிருந்து பழைய ஸ்கேலக்ஸ்ட்ரிக் தடம் கிடைத்தால் அதைத் தள்ளிவிட வேண்டாம். பழைய 'கிளாசிக்' தடத்தையும் இன்றைய 'ஸ்போர்ட்' தடத்தையும் இணைப்பதற்கென்றே மாற்றுத் துண்டு உண்டு. இன்னொரு செய்தி: ஸ்கேலக்ஸ்ட்ரிக்கின் டிஜிட்டல் முறை 2004-இல் வந்தது. அதில் கார்கள் ஒரே கோட்டில் பல ஓடவும், கோடு மாறி முந்தவும் இயலும். பின்னொரு நாள் அதற்கு மாற எண்ணுவோர் இன்று வாங்கும் ஸ்போர்ட் துண்டுகள் வீணாகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. சாதாரணத் துண்டுகள் இரு முறைக்கும் பொது.

நிற்க. இனிக் கணக்கிற்கு வருவோம். ஸ்கேலக்ஸ்ட்ரிக் ஸ்போர்ட் வகையையே உதாரணமாகக் கொள்கிறேன். அதன் தடம் 156 மி.மீ. அகலம். முழு நேர்த்துண்டு 350 மி.மீ. நீளம். 175 மி.மீ. அரைத்துண்டும், 78 மி.மீ. குறுந்துண்டும் உண்டு. வளைவுகள் நான்கு தரம். தடத்தின் நடுவிலிருந்து அளந்தால் முதல் தரத்தின் ஆரம் 214 மி.மீ., இரண்டாவது 370, மூன்றாவது 526, நான்காவது 682. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சரியாக ஒரு தடத்தின் அகலம் கூடுதல். ஆகவே ஒன்றை ஒன்றன் வெளிப்புறத்தில் ஒட்டி வைத்து நான்கு கோட்டுப் பாதையும் போடலாம்.

வளைவுத் துண்டின் மேல் 45 அல்லது 22.5 பாகை என்று குறித்திருக்கும். ரயில்வேயிலும் வளைவைப் பாகையால் சொல்வதுண்டு. அங்கே பாகை கூடினால் வளைவு கடுமையானது என்று பொருள். இங்கே அப்படியன்று. முழு வட்டமாகிய 360 பாகையில் அத்துண்டு எத்தனை பாகை திரும்புகிறது என்பதே இங்கே பொருள். இரண்டாந் தரத்தில் 45 பாகைத் துண்டுகள் எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம். மூன்றாந் தரத்தில் 22.5 பாகைத் துண்டுகள் பதினாறு வேண்டும். எட்டுத் துண்டு வாங்கிவிட்டு வட்டம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கடைக்காரரோடு வழக்காடுவதில் பயனில்லை.

பாதை மூடுவதற்கு விதிகள் இரண்டே. இடப்புறம் திரும்பிய பாகைகளில் வலப்புறம் திரும்பியவற்றைக் கழித்தால் 360 வர வேண்டும். எட்டு வடிவப் பாதைக்கு மட்டும் பூஜ்யம் வரும். அடுத்தது, கிழக்கே எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவு தூரம் மேற்கே திரும்பி வர வேண்டும், வடக்கு தெற்குக்கும் அப்படியே. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் கடைசித் துண்டு சேராது. சிலர் இழுத்து வளைத்துச் சேர்த்துவிடுவர். மூட்டுகள் கோணி, கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல், கார் அங்கே தயங்கித் தயங்கி நிற்கும்.

இப்பொழுது ஒரு மெய்யான உதாரணம். வீட்டில் இரண்டாந் தர 45 பாகை வளைவுகள் எட்டும், மின்சார இணைப்புத் துண்டு உட்பட முழு நேர்த்துண்டுகள் நான்கும் உள்ளன என்று கொள்வோம். பக்கத்திற்கு இரண்டு நேர்த்துண்டு வைத்த நீள்வட்டம் ஏறத்தாழ 1,600 மி.மீ. நீளமும் 900 மி.மீ. அகலமும் கொள்ளும். தச்சரிடம் சாதாரணமாய்க் கிடைக்கும் எட்டடிக்கு நான்கடிப் பிளைவுட் பலகை 2,440-க்கு 1,220 மி.மீ. அதன்மேல் இப்பாதையை எப்படி விரிக்கலாம்?

ஒரு முனையில் மூன்றாந் தர வளைவுத் துண்டுகள் எட்டை வைத்து அரை வட்டம் திருப்புங்கள். நடுவிலிருந்து நடுவுக்கு அது 1,052 மி.மீ. அகலம் கொள்கிறது. மறுமுனையில் பழைய வளைவுகள் நான்கு. அவை மட்டும் திருப்பினால் அகலம் 740 மி.மீ. தான். குறைவது 312. நான்கு குறுந்துண்டுகளை அளந்து பாருங்கள், சரியாக 312! இரண்டு வளைவு, நான்கு குறுந்துண்டு, மீண்டும் இரண்டு வளைவு என்று அம்முனையை அமைத்தால் இரு முனைகளும் ஒத்துவிடும். அற்பமாய்த் தோன்றும் அந்தக் குறுந்துண்டை நிறுவனத்தார் வீணுக்குச் செய்யவில்லை.

இனிப் பக்கங்கள். ஒரு பக்கத்தில் மூன்று நேர்த்துண்டுகள், 1,050 மி.மீ. மறுபக்கத்திற்கு நேர்த்துண்டு ஒன்றுதான் எஞ்சியது. ஆனால் பழைய வளைவுகள் நான்கு மீந்திருக்கின்றன அல்லவா? ஒன்றை உட்புறமாகவும், இரண்டை வெளிப்புறமாகவும், நான்காவதை மறுபடி உட்புறமாகவும் திருப்பிச் செருகுங்கள். பாதை பாம்புபோல் 217 மி.மீ. உள்ளே நெளிந்து, பழைய கோட்டிற்கே வந்து சேர்கிறது. இந்நெளிவின் நீளம் 1,046 மி.மீ. சொச்சம். எதிர்ப்பக்கத்தோடு நான்கு மி.மீ. கூட வேற்றுமையில்லை. மூட்டுகளின் நெகிழ்ச்சியிலேயே அது அடங்கிவிடும். ஆகப் புதிதாய் வாங்கியவை மூன்றாந் தர வளைவு எட்டு, குறுந்துண்டு நான்கு, மொத்தம் பன்னிரண்டு. பாதையின் நீளம் 3.7 மீட்டரிலிருந்து 5.3 மீட்டராகிறது. அதைவிட முக்கியமாக, விரைந்து செல்லத்தக்க அகன்ற வளைவொன்று, மெல்லச் செல்ல வேண்டிய வளைவு இரண்டு, இடமும் வலமும் மாறும் நெளிவொன்று எனப் பையனின் விரலுக்கு நான்கு வெவ்வேறு வேலைகள் கிடைக்கின்றன. அதே பன்னிரண்டும் நேர்த்துண்டுகளாயிருந்தால் அவன் செய்வதெல்லாம் விசையை அதிக நேரம் அழுத்திப் பிடிப்பதே.

இவ்வமைப்பு பலகையின் அகலத்தில் 1,208 மி.மீ. கொள்ளும். ஓரத்திற்கு ஆறு ஆறு மி.மீ. தான் மிச்சம். வளைவில் காரின் வால் வெளியே வீசும். எனவே பலகையின் விளிம்பில் மெல்லிய மரச்சட்டம் அடித்துவிடுங்கள். பக்கத்திற்கு இன்னொரு முழு நேர்த்துண்டு சேர்க்க ஆசைப்பட வேண்டாம். நீளம் 2,452 ஆகிப் பலகைக்கு வெளியே நீட்டும். அரைத்துண்டு சேர்க்கலாம்.

இரு கோடுகளில் எது நல்லது என்று அண்ணனும் தம்பியும் சண்டையிடுவது எல்லா வீட்டிலும் உண்டு. சண்டை நியாயமானதே. கோடுகளுக்கு இடையே 78 மி.மீ. தூரம். மூடிய பாதை எவ்வளவு நெளிந்தாலும், மொத்தத் திருப்பம் 360 பாகை என்றால் வெளிக்கோடு உட்கோட்டைவிட ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 490 மி.மீ. அதிகம். இதைத் தீர்க்க எட்டு வடிவம் போடலாம். ஒரு கண்ணியில் வெளியேயிருந்தவன் மறு கண்ணியில் உள்ளே வந்துவிடுவான், கணக்கு சரியாகும். அதற்கு 45 பாகை வளைவுகள் பன்னிரண்டு, அதாவது இன்னும் நான்கே வேண்டும். குறுக்கே செல்லும் கோடு ஒவ்வொன்றும் ஆரத்தின் இருமடங்காகிய 740 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு முழுத்துண்டும் ஐந்து குறுந்துண்டுகளும் அதற்குச் சரி. ஒன்றன்மேல் ஒன்று செல்லப் பாலந்தாங்கிகளும் தேவை. ஏற்றத்தை வளைவிலிருந்தே மெல்லத் தொடங்காவிடில் காரின் அடிவயிறு தட்டும். கோடுகளை இடம் மாற்றும் குறுக்குத் துண்டும் விற்கிறது. அதை ஒற்றைப்படையாய் வைத்தால் இரண்டு கோடுகளும் ஒன்றோடொன்று பின்னி ஒரே கோடாகிவிடும், எவர் கன்ட்ரோலர் எவர் காரை ஓட்டுகிறது என்றே விளங்காது. இரண்டாகவே வாங்க வேண்டும். மோதல் நிகழும் இடமும் அதுவே. சிறு பிள்ளைகள் மோதலுக்காகவே அதை விரும்புவார்கள் என்பது வேறு விஷயம்.

விலையைப் பற்றி ஒரு சொல். விளையாட்டுப் பொருள்களின் இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்ந்தபின் இவை எளிய வீடுகளுக்குச் சுமையாயின. ஆதலால் விரிவுப் பெட்டியின் மேல் அச்சிட்ட வண்ணப்படத்தைக் கண்டு மயங்காதீர்கள். உள்ளே எந்தத் தர வளைவு எத்தனை என்று படித்து, நம் கணக்கில் எத்தனை பயன்படும் என்று பாருங்கள். சில வேளைகளில் அதே வகையில் இன்னொரு முழுப் பெட்டி, உதிரித் துண்டுகளின் கூட்டுவிலைக்கு ஏறக்குறைய சமமாயிருக்கும். அப்பொழுது பெட்டியே மேல். இரண்டு கார்களும் கன்ட்ரோலர்களும் உபரியாய்க் கிடைக்கும். ஆனால் முதல் தர வளைவுகள் நிறைந்த பெட்டியை நான் பரிந்துரையேன். மிகக் குறுகிய அவ்வளவில் நீண்ட கார்கள் இடறிக்கொண்டே செல்லும்.

பாதை நீண்டால் மின்சாரம் போய்ச்சேரும் தூரமும் கூடும். ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இழப்பு. தொலைவான மூலையில் கார் சோர்ந்தால், மின்சாரத்தை அங்கேயே கொண்டு சேர்க்கும் துணைக் கம்பிகள் உண்டு. அவற்றை வாங்குமுன் கம்பிகளைத் துடைத்துப் பாருங்கள். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில் மழைக்காலத்தில் இரும்புக் கம்பிகள் துருவேறும். கரேராவின் கம்பிகள் துருவேறாத எஃகு என்பதால் அவ்வூர் அன்பர்கள் முதன்முறை வாங்குவதாயின் அதையும் எண்ணிப் பார்க்கலாம். தரையில் விரித்து ஆடுவோர் காரின் அச்சில் தலைமயிர் சுற்றியிருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

நம்மவர்க்கு மாற்றல் உத்தரவு எப்பொழுது வரும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே துண்டுகளைப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள், ஆணியும் அடிக்காதீர்கள். கழற்றும்போது மேல்நோக்கி மடக்காமல், தரையோடு தரையாய் நேராக இழுத்துப் பிரித்தால் செருகுமுனைகள் உடையா. நேர்த்துண்டுகளை ஒரு கட்டாகவும், வளைவுகளைத் தரவாரியாக வேறு கட்டாகவும் பழைய செய்தித்தாளில் சுற்றி, எண்ணிக்கையை மேலே எழுதி வையுங்கள். பாதையின் வரைபடத்தையும் அதே பெட்டியில் போட்டுவிட்டால் புதிய ஊரில் சாமான்கள் இறங்கிய மாலையே விரித்துவிடலாம்.